நாலை விட்டு எண்ணும் குரல்

ஜனவரி 6, திங்கள்

இந்த டைரி என் வீட்டுக்காரர் ஆல்வின் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு சர்க்கரை மாத்திரை விளம்பரம். அவர் எழுத மாட்டார், கடலை மடிக்கத்தான் கிழிப்பார். நான் எடுத்து வைத்துக்கொண்டேன். எழுத என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இன்று காலை விஷயம் தபாலிலேயே வந்துவிட்டது.

பதிவுத் தபால். சென்னையில் இருக்கும் ஒரு பாட்டு உரிம நிறுவனத்தின் வக்கீல் அனுப்பியது. "திருமதி கிளாடிஸ் என்ற டி.ஜே. கிளாடி" என்று தொடங்குகிறது. அந்த "என்ற" என்னை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்திவிட்டது. போலீஸ் ஸ்டேஷன் சுவரில் போட்டோ ஒட்டியிருக்கும் ஆட்களுக்குத்தான் அப்படி இரண்டு பெயர் போடுவார்கள். டிசம்பர் 31 அன்று தென்காசி சாலையில் உள்ள ரிசார்ட்டில், டிக்கெட் போட்டு நடத்திய புத்தாண்டுக் கொண்டாட்டத்தில், உரிமம் இல்லாமல் அவர்களுடைய பாட்டுகளை நான் போட்டேனாம். ஒலிப்பதிவு ஆதாரம் இருக்கிறதாம்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அன்று ராத்திரி நான் கோயிலில், புது வருஷம் பிறக்கிற வரை நடக்கும் வாட்ச்நைட் ஆராதனையில் இருந்தேன். பாடகர் குழுவில் இரண்டாவது வரிசை, ஓரம். பாளையங்கோட்டையில் பாதிப் பேர் பார்த்தார்கள். ஆராதனை வீடியோவில் நான் கொட்டாவி விடுவதுகூட இருக்கிறது.

சங்கத் தலைவர் இசக்கியப்பன் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். மாவட்டத்தில் வேனில் ஸ்பீக்கர் பாக்ஸ் ஏற்றிப் போய்ப் பாட்டுப் போடுகிற அத்தனை பேருக்கும் அவர்தான் தலைவர். டி.ஜே. சங்கத்தின் ஒரே பெண் உறுப்பினர் நான் என்பதால் என் போனை முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.

மத்தியானம் கேஸ் சிலிண்டர் வந்தது. சில்லறை கேட்டு அந்த ஆளிடமும் சண்டை போட்டேன். கோபம் யார் மேலோ, பாவம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஜனவரி 7, செவ்வாய்

அந்த ஒலிப்பதிவு வந்தது. அண்ணாச்சி சங்கத்து வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டுவிட்டார்.

நிறுவனத்தின் ஆள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், புல்தரையின் கடைசியில் நின்று போனில் பதிந்திருக்கிறார். மேடைப் பக்கம் போகவில்லை. ஒரே கூட்டச் சத்தம். நடுவில் என் குரல். "கிளாடி... கிளாடி... மிக்ஸ்." சந்தேகமே இல்லை, நானேதான்.

நாங்கள் எல்லோரும் செய்வதுதான். ராப்பகலாக உட்கார்ந்து நாலு பாட்டை வெட்டி ஒட்டி ஒரு மிக்ஸ் செய்தால், வேறு ஆள் அதை எடுத்துத் தன்னுடையது என்று சொல்லாமல் இருக்க நம் குரலை நடுவில் வைத்துவிடுவோம். பசு மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரி. உள்ளே இருக்கிற பாட்டு யாருடைய மாடு என்று கேட்டால் அது வேறு பேச்சு. அந்தப் பேச்சைத்தான் இப்போது வக்கீல் ஆரம்பித்திருக்கிறார். ரிசார்ட்டில் கேட்டதற்கு, டி.ஜே. யாரென்று நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த ஈவென்ட் ஆளுக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்களாம். ஈவென்ட் ஆள் போனை எடுப்பதில்லையாம். எனவே குரல் யாருடையதோ அவருக்கு நோட்டீஸ்.

என் குரலுக்கு முன்னால், சரியாகப் பன்னிரண்டு அடிக்கிற நேரத்தில், ஒரு சின்னப் பிள்ளை எண்ணுகிறது. ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு. உடனே கூட்டம் கத்துகிறது.

போனைக் கவிழ்த்து வைத்தேன். கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் விட மறந்திருந்தேன். அந்தப் பிள்ளை யாரென்று ஆல்வின் கேட்டார். யாருக்குத் தெரியும் என்று சொன்னேன்.

ஜனவரி 8, புதன்

எனக்குத் தெரியும்.

அது எப்சிபா. பொன்சிங் அண்ணனின் மகள். இப்போது ஒன்பது வயது. அப்போது நாலு. அவளுடைய பிறந்தநாளுக்கு முந்தின சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். நாங்கள் பலூன் ஊதி ஊதிப் போட, அவள் தரையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். நாலு மட்டும் அவள் கணக்கில் கிடையாது. மூணுக்கு அப்புறம் நேராக அஞ்சுதான். நான் போனில் ஏதோ பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு பதிந்தேன். தெரிந்தால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவாள். அந்தக் குரலை வைத்து ஒரு மிக்ஸ் செய்து, மறுநாள் கேக் வெட்டும்போது போட்டோம். எப்சி மிரண்டுபோய் அவள் அம்மா, மைனியின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். அப்புறம் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். பென் டிரைவில் ஏற்றி அண்ணனிடம் கொடுத்தேன். அடுத்த வருஷம் என் லேப்டாப் செத்துப்போனது. ஆக, உலகத்தில் அதற்கு ஒரே ஒரு பிரதிதான். அது பொன்சிங் அண்ணனிடம் இருக்கிறது.

பொன்சிங் அண்ணன் சங்கத்தின் பொருளாளர். நான் பாக்ஸும் லைட்டும் வாடகைக்கு எடுப்பது அவரிடம்தான். சங்கத்தில் எனக்கு உறுப்பினர் கார்டு கேட்டபோது, பொம்பளப்பிள்ளைக்கு எதுக்குக் கார்டு, கூட வருகிற ஆம்பளை பேரில் எழுதிக்கொள்ளலாம் என்று பேசினார்கள். அண்ணன் எழுந்து, "அப்படின்னா எங்கார்டையும் எம்பொண்டாட்டி பேருக்கு மாத்துங்க" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன். சொந்த அண்ணன் திருப்பூரில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்கு மெசேஜ் போடுவான்.

நவம்பர் கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்ததே அவர்தான். டிக்கெட் போடும் நிகழ்ச்சி என்றால், நடத்துகிறவர் உரிமத்தாளைக் காட்டாமல் எந்த உறுப்பினரும் பாட்டுப் போடக் கூடாது. மீறினால் ஒரு வருஷம் கார்டு கிடையாது. "கல்யாண வீடு வேற, கல்லா வச்ச எடம் வேற" என்று அழகாகப் பேசினார். எல்லோரும் கை தட்டினோம். புத்தாண்டுக்கு மைனியின் ஊரான சாயர்புரத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். மேடைக்குப் பின்னால் நிறுத்தப் புதிதாக வாங்கிய எல்.இ.டி. சுவர் ஷெட்டில் சும்மா கிடக்கிறதே என்ற கவலையும் அவருக்கு இருந்தது. எனக்குத் தெரியும்.

வந்து சொல்லிவிடுவார். அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. நாளைக்கே வருவார்.

ஜனவரி 9, வியாழன்

வரவில்லை.

ஜனவரி 11, சனி

மேலப்பாளையம் பக்கம் ஒரு ரிசப்ஷன். பாக்ஸ் ஏற்ற அண்ணன் ஷெட்டுக்குப் போனேன். எப்போதும் என்னைக் கண்டதும், "வந்துட்டாய்யா மகாராணி, வழிய விடுங்க" என்பார். இன்று ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். நோட்டீஸ் வந்ததாமே என்று அவராகத்தான் பேச்சை எடுத்தார். இதோ சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். கம்பெனிக்காரனுக்கு வேறு வேலை இல்லை, சங்கம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"கிளிப்பக் கேட்டீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"கேட்டேன். என்னத்தத் தெளிவா இருக்கு? ஒரே கூட்டச் சத்தம்."

அவ்வளவுதான். பிறகு இரண்டு புது ஒயரை எடுத்து என் வேனில் வைத்தார். வாடகை வேண்டாம், இந்தத் தடவை இருக்கட்டும் என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பணத்தை அவர் மேஜையிலேயே வைத்து, மேலே ஸ்க்ரூ டிரைவரையும் தூக்கி வைத்துவிட்டு வந்தேன்.

ரிசப்ஷனில் மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரே பாட்டை மூன்று தடவை கேட்டு ஆடினார். நல்ல மனுஷன். யாரையும் பற்றிக் கவலைப்படாமல் ஆடினார்.

ஜனவரி 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேராகச் சங்க அலுவலகம். அலுவலகம் என்றால் அண்ணாச்சியின் பந்தல் கடைக்கு மேலே ஒரு அறை. சுற்றிலும் மடித்த ஷாமியானா, அந்தத் துணி வாடை.

கமிட்டி ஆட்கள் எல்லோரும் கிளிப்பை மறுபடி போட்டுக் கேட்டார்கள். பிள்ளை நாலை விட்டு எண்ணும் இடம் வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொன்சிங் அண்ணனும் சிரித்தார், எல்லோரும் நிறுத்தின பிறகு.

நான் கோயிலில் இருந்ததை ஒருவரும் சந்தேகப்படவில்லை. குருவானவரிடம் எழுதி வாங்கி வக்கீலுக்கு அனுப்பிவிடலாம் என்றார் அண்ணாச்சி. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. நீ போடவில்லை என்றால் உன் மிக்ஸ் வைத்திருக்கிற வேறொரு உறுப்பினர் போட்டிருக்கிறார். யாருக்குக் கொடுத்தாய்? பெயரைச் சொன்னால் அந்த ஆளின் கார்டு ஒரு வருஷத்துக்குப் போகும். சொல்லாவிட்டால் மறைத்த குற்றத்துக்கு என் கார்டு போகும். மொத்தச் சங்கத்தையும் நிறுவனம் திருட்டுக்கூட்டம் என்று நினைத்துவிடக் கூடாது, யாராவது ஒருவர் பொறுப்பு ஏற்றாக வேண்டும் என்றார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதுதான் கஷ்டம்.

"பேர மட்டும் சொல்லு கிளாடி. ஒங்கார்டுக்கு நான் பொறுப்பு" என்றார் அண்ணாச்சி.

நிறையப் பேர் வாங்கியிருக்கிறார்கள், ஞாபகம் இல்லை என்றேன். யோசித்துச் சொல், ஜனவரி 26 பொதுக்குழுவில் முடிவு என்று சொல்லி எழுந்துவிட்டார்கள். டீ வந்தது. அண்ணன்தான் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தார். எனக்கு முதலில் கொடுத்தார்.

பைபாஸில் புதிதாகக் கட்டியிருக்கும் மஹாலில் இந்த வருஷம் முழுக்க எல்லா ரிசப்ஷனும் எனக்கு என்று பேசி வைத்திருக்கிறார்கள். சங்கக் கார்டு இருந்தால்தான் கையெழுத்து. ஒவ்வொரு வாரமும் யாராவது கூப்பிடுவார்களா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்த பிழைப்பு முடியப்போகிறது என்று போன மாதம்தான் ஆல்வினிடம் சொல்லிக் குதித்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அண்ணன் வீட்டிலிருந்து வழக்கம்போலப் பனங்கிழங்கு வந்தது. வழக்கமாக ஒரு கட்டு வரும். இந்த வருஷம் இரண்டு.

ஜனவரி 16, வியாழன்

ஆல்வினிடம் சொல்லிவிட்டேன். மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை, எட்டிக் குழாயை மூடினார். அப்புறம், பெயரைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்றார். எப்படிச் சொல்ல முடியும், அவர் எனக்குச் செய்ததற்கு நான் இதுகூடத் தாங்கக் கூடாதா, அவராக வந்து சொல்வார் என்றேன்.

"நீ அவரக் காப்பாத்துதேன்னு நெனைக்க. கெடையாது. அவருக்கு ஒரு பரீட்ச வச்சிட்டு, எப்பம் பெயிலாவாருன்னு பாத்துக்கிட்டு இருக்க."

எனக்கு வந்த கோபத்தில் குழம்பில் புளியை இரண்டு தடவை ஊற்றிவிட்டேன். லேபில் ரத்தத்தை உருப்பெருக்கியில் பார்க்கிற ஆள் வீட்டிலும் அப்படியே பார்க்கிறார். நான் அப்படிப்பட்டவள் இல்லை. அண்ணனுக்கு இந்த வாரத்தில் நான் மூன்று தடவை போன் செய்தேன். ஒரு தடவை ஸ்டாண்டு பற்றி, ஒரு தடவை லைட் பற்றி, ஒரு தடவை சும்மா. ஒவ்வொரு தடவையும் பேசி முடித்த பிறகும் போனை வைக்காமல் கொஞ்சம் காத்திருந்தேன். இது பரீட்சையா? வாய்ப்புக் கொடுப்பது. இரண்டும் வேறு.

குழம்பை ஒருவரும் வாயில் வைக்கவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

மஹால் மேனேஜர் போன் செய்தார். ஏதோ நோட்டீஸாமே என்று இழுத்தார். 26ஆம் தேதிக்குப் பிறகு பேசலாம் என்றேன். அதற்குள் முடிந்துவிடுமா மேடம் என்று கேட்டார். முடிந்துவிடும் என்றேன்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஞாயிறு பள்ளி விட்டு எப்சி ஓடி வந்தாள். கையில் மைனியின் போன். அந்தக் கிளிப் எந்தெந்தக் குழுவுக்கோ போய், கடைசியில் மைனிக்கே வந்திருக்கிறது. மைனி கேட்டாளா என்று தெரியவில்லை. எப்சி கேட்டுவிட்டாள்.

"கிளாடி அத்த, இது நாந்தான? நாலக் காணும் பாருங்க." சந்தோஷத்தில் குதித்தாள். தன் குரல் எங்கேயோ ஒரு பெரிய ரிசார்ட்டில், அவ்வளவு கூட்டத்தில் கேட்டிருக்கிறது என்ற பெருமை.

பொன்சிங் அண்ணன் நாலடி தள்ளி ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஜனங்கள். சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் தேங்காய் பன் தின்றுகொண்டு நின்றார்கள். அவள் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னால் போதும்.

"இல்லட்டி. அது வேற பிள்ள" என்றேன்.

அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. "அப்பம் எனக்குப் போட்ட பாட்ட வேற பிள்ளைக்கும் போட்டுக் குடுத்தீங்களா?"

"ஆமா."

"அந்தப் பிள்ளையும் நால விட்டாளா?"

"விட்டா."

போனை அணைத்துவிட்டு அப்பாவின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அண்ணன் ஸ்கூட்டரை உதைத்தார், உதைத்தார், கிளம்பவில்லை. சாவியைத் திருப்பாமலே உதைத்துக்கொண்டிருந்தார். எப்சிதான் கையை நீட்டித் திருப்பினாள்.

ஜனவரி 20, திங்கள்

காலையிலிருந்து அழுகை. பாத்திரம் தேய்க்கும்போது, துணி காயப்போடும்போது. ஒரு சின்னப் பிள்ளையிடம் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டாரே என்று அண்ணன் மேல் அப்படி ஒரு ஆத்திரம். அப்புறம் யோசித்துப் பார்த்தால், அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன். அதுவும் யோசிக்காமல், கடகடவென்று.

ஜனவரி 23, வியாழன்

டி.ஜே. மிக்ஸர் உள்ளே எறும்பு கூடு கட்டியிருக்கிறது. பிரஷ் வைத்துத் தட்டித் தட்டி மதியம் போய்விட்டது. மூன்று நாளாகத் தொழில் இல்லை என்பதை எறும்பு என்னைவிடச் சீக்கிரம் தெரிந்துகொண்டது.

அண்ணனுக்குப் போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை.

ஜனவரி 25, சனி

முடிவு செய்துவிட்டேன். நாளைக்கும் ஞாபகம் இல்லை என்றுதான் சொல்லப் போகிறேன். கார்டு போனால் போகட்டும். எப்சியிடம் அது வேறு பிள்ளை என்று சொன்ன வாயால் கூட்டத்தில் போய் அது எப்சி என்று எப்படிச் சொல்வது? ஆல்வினிடம் சொன்னேன். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். என் சுடிதாரையும் எடுத்து இஸ்திரி போட்டார். பயமாக இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

பந்தல் கடை வாசலில் கொடி ஏற்றினார்கள். ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். மாடியில் இடம் போதாமல் படி வரைக்கும் ஆட்கள்.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். எழுந்து நின்றேன். யாரென்று ஞாபகம் வந்ததா என்று கேட்டார். "தெரியல அண்ணாச்சி" என்றேன். வாயில் மிட்டாய் இன்னும் கரையவில்லை. அவர் பெருமூச்சு விட்டுவிட்டுத் தீர்மானத்தைப் படிக்க ஆரம்பித்தார். என் பெயர் வரும் இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டார். பாவம், அவருக்கும் மனசு வரவில்லை.

வழிமொழிய வேண்டியவர் பொருளாளர். பொன்சிங் அண்ணன் எழுந்தார். வழிமொழியவில்லை. அந்தக் கிளிப்பை ஒரு தடவை போட வேண்டும் என்றார். போனில் வேண்டாம், பாக்ஸில் போடுங்கள் என்றார். கொடியேற்றத்துக்குத் தேசபக்திப் பாட்டுப் போட வைத்திருந்த பெரிய பாக்ஸ் மூலையில் இருந்தது. சொருகினார்கள். கூட்டச் சத்தம் அறை முழுக்க நிறைந்தது. அப்புறம் ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு. இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டார்கள்.

"நால விட்டது எம்பிள்ள. பாட்டுப் போட்டது நான்" என்றார்.

சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். அண்ணாச்சி கார்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நீதானே நவம்பரில் தீர்மானம் கொண்டுவந்தாய் என்று மெதுவாகக் கேட்டார். ஆமா என்றார். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. எல்.இ.டி. சுவரைப் பற்றியோ, எத்தனை மாதம் அது சும்மா கிடந்தது என்றோ சொல்லவில்லை. ஒரு வருஷம் என்று எழுதினார்கள். வக்கீலுக்கும் அவர் பெயரிலேயே பதில் போகும் என்றார்கள்.

கீழே இறங்கினபோது படிக்கட்டு ஓரத்தில் நின்றிருந்தார். எனக்காகத்தான்.

"ஒனக்கு மொதல்லயே தெரியும்லா?"

"தெரியும்ணே."

"பெறகு ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். "கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேன் கிளாடி."

உண்மையாகவே சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. இனிமேல் தெரியவும் போவதில்லை. வீட்டுக்கு வந்து ஆல்வினிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இந்த ஒன்றைத் தவிர.

ஜனவரி 29, புதன்

மஹாலில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. மேனேஜர் லட்டு கொடுத்தார்.

பாக்ஸுக்கு எங்கே போவது என்று யோசித்தபோதுதான் உறைத்தது. கார்டு போன ஆளிடம் உறுப்பினர்கள் வாடகைக்கு எடுக்கக் கூடாது. அதுவும் அவர் கொண்டுவந்த தீர்மானத்திலேயே இருக்கிறது, மூன்றாவது வரி. பாக்ஸ் வாடகைக்கு விடும் வள்ளியூர்க்காரர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். அவருடைய பாக்ஸில் பேஸ் உதறுகிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஆல்வின் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். மைனி கதவைத் திறந்து, "வா" என்றாள். காபி போட உள்ளே போய்விட்டாள். அண்ணன் பின்வாசலில் எல்.இ.டி. பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். விற்கப் போகிறாராம். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மகாராணி என்று சொல்லவில்லை.

எப்சி உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம்தான் நான் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அத்தை பொய் சொல்லிவிட்டேன், அது நீதான் என்றேன். அப்பா சொல்லிவிட்டார்கள் என்றாள். நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. பள்ளிக்கூடத்தில் இப்போது அவளுக்கு "மூணு அஞ்சு" என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். கிளிப் எல்லார் வீட்டுப் போனிலும் இருக்கிறதாம்.

அப்புறம் கேட்டாள். "பாட்டுக்காரங்ககிட்ட கேக்காமப் பாட்டுப் போட்டதுக்குத்தான் அப்பா கார்டு போச்சா?"

"ஆமாட்டி."

"எங்கொரல எடுத்தப்பம் எங்கிட்டக் கேட்டீங்களா அத்த?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பலூன், தரை, போனைப் பார்க்கிற மாதிரி நான் பிடித்திருந்த கை, எல்லாம் வந்து போனது. நான் அன்றைக்கு எவ்வளவு ஆசையாக அதைச் செய்தேன் என்று சொல்ல நினைத்தேன். அதுவா அவள் கேட்டது?

"கேக்கல" என்றேன்.

பெட்டியைத் திறந்து பென் டிரைவை எடுத்து வந்தாள். அண்ணன் அதை அவளிடமே கொடுத்திருக்கிறார். அழித்துவிடுங்கள் என்றாள். மைனி காபியோடு வந்து, ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, இருந்துட்டுப் போகட்டுமே என்றாள். எப்சி பென் டிரைவை நீட்டியபடியே இருந்தாள். அண்ணன் ஈரத்துணியோடு வாசலில் வந்து நின்றார். அவர் அழிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவர்கள் வீட்டு லேப்டாப்பில் சொருகினேன். ஒரே ஒரு கோப்பு. நான் அப்போது வைத்த பெயர், எப்சி நாலு. கடைசியாக ஒரு தடவை கேட்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு அவளே அழுத்தினாள். விரல் தயங்கவே இல்லை.

"ஒங்ககிட்ட வேற இருக்கா?"

"இல்லட்டி. சத்தியமா இல்ல."

சரி என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டாள். நான் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

முருகன்குறிச்சி சிக்னலில் நிற்கும்போதுதான் நினைவு வந்தது. கிளிப் என் போனில் இருக்கிறது. கூட்டச் சத்தத்துக்கு நடுவில், புல்தரையின் கடைசியிலிருந்து. வீட்டுக்கு வந்து ஒரு தடவை போட்டுக் கேட்டேன். சின்னக் குரல், ஆனால் நன்றாகத்தான் கேட்கிறது. அழிக்கவில்லை. வைத்துக்கொள்ளலாமா என்று எப்சியிடம் கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை.